குழாயில் தண்ணீர் குறைந்தால் யாரைக் கேட்பது?

துபாயில் அல் கூஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியா தொழிலாளர் கேம்ப்களில் அதிகாலை நாலு மணிக்கே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பும். அதற்குள் ஒரு தளத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் குளித்து முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வழியும். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் போட்டிருந்தும் வெந்நீர் வராது. பாதிக் குளியலோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள், "கேம்ப்னா இப்படித்தான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குளிக்கத் தண்ணீர் கிடைப்பது தங்குமிடத்தின் அடிப்படை. அதைச் சரியாக வைத்திருக்கும் கடமை கம்பெனிக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் உரியது. அவர்கள் செய்யவில்லை என்று நாமே கைவைத்துச் சரிசெய்யப் போகும்போதுதான் உயிருக்கு ஆபத்தான தவறுகள் நடக்கின்றன.

கோளாறு எங்கே இருக்கிறது?

அரசின் குடிநீர், மின்சார நிறுவனமான தேவா அனுப்பும் தண்ணீர் கட்டடத்தின் கீழ்த் தொட்டிக்கு வருகிறது. மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து குழாய் வழியாக அறைகளுக்கு இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும். தரைத்தளத்துக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வருவதற்கு இந்த உயரமே காரணம். மேல்மாடி ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் உயரம் என்றால், கிடைப்பது 0.2 பார். அதனால் மேல்தளங்களுக்குத் தனியாக பூஸ்டர் பம்ப் வைப்பார்கள். அந்த பம்ப் பழுதானால் முதலில் அவதிப்படுவது மேல்மாடிக்காரர்கள்தான்.

புகார் சொல்லும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு இவற்றைக் கவனியுங்கள்:

- ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால், குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் மணலும் துருவும் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் போதும்.
- பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் குறைந்தால், ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வு முழுதாகத் திறக்காமலோ அடைத்துக்கொண்டோ இருக்கலாம்.
- எல்லாக் குழாயிலும் எப்போதும் குறைவு என்றால் தொட்டி, பம்ப், பிரதானக் குழாய் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. தண்ணீர் விட்டுவிட்டுப் பீறிட்டு வந்து, பம்ப்பும் நொடிக்கு நொடி ஓடி நின்றால், பம்ப்போடு இணைந்த அழுத்தக் கலனில் காற்று இறங்கியிருக்கக்கூடும்.
- காலை நாலிலிருந்து ஆறு வரை மட்டும் குறைவு என்றால், அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்குத் தொட்டியோ பம்ப்போ போதவில்லை. இதை பிளம்பரால் தீர்க்க முடியாது. நிர்வாகம்தான் பணம் செலவழிக்க வேண்டும்.
- பக்கத்துக் கட்டடத்திலும் தண்ணீர் இல்லை என்றால் தேவாவின் அவசர எண் 991-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. 10 லிட்டர் வாளியை ஷவருக்கு அடியில் வைத்து, அது நிறையும் நேரத்தை மொபைலில் வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் ஒரு மனிதர் வசதியாகக் குளிக்கலாம். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் ஆகிறது என்றால் அந்த வீடியோவே உங்கள் சாட்சி. "தண்ணி சரியா வரல" என்று வாயால் சொல்வதைத் தட்டிக்கழிக்கலாம், வாளி நிறையும் வீடியோவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வால்வை அடைக்காதீர்கள்

ஹீட்டரின் அடியில், பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் குழாயில், சிறிய கைப்பிடியோடு ஒரு பித்தளை வால்வு இருக்கும். ஹீட்டர் ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பிரஷர் குறைவதற்கு இந்த ஒழுகலே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள்.

"இதுல ஒழுகுறதாலதாண்ணே பிரஷர் இல்ல. ஒரு ஸ்க்ரூல டெஃப்லான் டேப்ப சுத்தி அடைச்சிடவா?"

"கைய எடு தம்பி. அது ஒழுகுறதுதான் நம்ம எல்லாரையும் காப்பாத்துது."

வேலை தெரிந்த எந்த பிளம்பரும் இந்தப் பதிலைத்தான் சொல்வார். தண்ணீர் சூடானால் விரியும். 50 லிட்டர் ஹீட்டரில் 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் கூடுதலாகிறது. அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேறும் வழிதான் சேஃப்டி வால்வு, குக்கருக்கு வெயிட் வால்வைப் போல. அதை அடைத்த நிலையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தொட்டி பிளக்கும் நொடியில் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி நீராவியாக மாறும். நீராவியாகும் தண்ணீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியக்கூடியது. சுவரையே பெயர்க்கும் வெடிப்பு அது.

சூடேறும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். ஹீட்டர் ஆறிய பிறகும் இடைவிடாமல் ஒழுகினால் வால்வு கெட்டிருக்கிறது அல்லது உள்ளே வரும் அழுத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது. அப்போதும் வால்வை மாற்றுவதுதான் வழி, அடைப்பது வழியல்ல.

மற்ற ஆபத்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்த நேரத்தில் ஹீட்டரைப் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடேறினால் காயில் எரிந்துபோகும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். வெந்நீர் வரவில்லை என்று வாளியில் ஹீட்டர் ராடு போடும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. பத்துப் பேர் மொபைல் சார்ஜர் சொருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதையும் சொருகினால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். ராடு ஓடும்போது தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்த்தால் ஷாக் அடித்து உயிரே போகலாம்.

வளைகுடா வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, நிழலில் ஆறிக் கிடக்கும் ஹீட்டர் தண்ணீரில் குளிப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். அதில் தவறில்லை. ஆனால் 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர், நிமோனியாவைக் கொண்டுவரும் லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு ஏற்ற இடம். ஊருக்குப் போய்த் திரும்பியதும், நாட்கணக்கில் மூடிக் கிடந்த அறைக்குள் நுழைந்ததும், ஷவரைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் வெளியே நின்றுவிட்டுக் குளியுங்கள். குளிர்காலம் தொடங்கும்போது ஹீட்டரை 60 டிகிரியில் சில மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீரைத் திறந்து வெளியேற்றுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது.

சட்டம் யார் பக்கம்?

கம்பெனி கொடுத்த தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு: அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 33-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உரிய உரிமம் பெற்ற, தகுந்த தங்குமிடத்தைக் கொடுக்க வேண்டும் அல்லது அதற்கான பணத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், 1,500 திர்ஹாமுக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் தந்தே ஆக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு 44-ஆம் எண் அமைச்சக ஆணை வலியுறுத்துகிறது. குளியலறை, காற்றோட்டம், குடிநீர் ஆகியவற்றுக்கும் அரசு தரம் வகுத்திருக்கிறது.

முதலில் கேம்ப்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸிடம் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தேதி, அறை எண், தளம், தண்ணீர் குறையும் நேரம் நான்கும் அதில் இருக்கட்டும். வாளி வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். ஒருவர் எழுதுவதைவிடத் தளத்தில் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுவது வலுவானது. பதில் இல்லையென்றால் கம்பெனியின் எச்.ஆர். பிரிவுக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மனிதவள, எமிராத்திமயமாக்க அமைச்சகத்தின் ஆப் வழியாகவோ 600590000 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். 80084 என்ற எண்ணில் தொழிலாளர் ஆலோசனை கிடைக்கும்.

"புகார் கொடுத்தால் விசாவை கேன்சல் பண்ணி அனுப்பிடுவான்" என்ற பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. அந்தப் பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அமைச்சகத்தில் முறையான புகார் கொடுத்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்று அதே தொழிலாளர் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. அது நிரூபணமானால் மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு வாங்கலாம். அதனால்தான் புகாரை எழுத்தில் வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் நீக்கினார்கள் என்பதுதான் அந்த வழக்கின் உயிர்.

வாடகைக்குக் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு: துபாயின் 2007-ஆம் ஆண்டு 26-ஆம் எண் வாடகைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை பராமரிப்பும் பழுது நீக்குவதும் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. பல ஒப்பந்தங்களில் 500 அல்லது 1,000 திர்ஹாம் வரையிலான சிறு செலவுகளை வாடகைதாரர் தலையில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். வாடகைத் தகராறில் தண்ணீரை நிறுத்தி மிரட்டுவதை 34-ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படி நடந்தால் காவல் நிலையத்தில் பதிவு செய்து, துபாய் வாடகைத் தகராறு தீர்வு மையத்துக்குப் போகலாம். வழக்குக் கட்டணம் ஆண்டு வாடகையில் 3.5 சதவீதம், குறைந்தது 500 திர்ஹாம். வாடகை ஒப்பந்தத்துக்கு அரசின் இஜாரிப் பதிவு இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து பெட் ஸ்பேஸில் இருப்பவர்கள் நிலைதான் சங்கடமானது. சொந்தக்காரரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை அந்த வாடகைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஏற்பதில்லை. அதனால் பெட்டுக்குப் பணம் வாங்கியவர் கையை விரித்தால் போய் நிற்க இடம் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒப்புதல் இருக்கிறதா, உங்கள் பெயர் பதிவாகுமா என்று கேளுங்கள். குழாயைத் திறந்தும் பாருங்கள், காலை ஐந்து மணிக்கு.

லண்டன் போன்ற குளிர் ஊர்களில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் அழுத்தமானி, பாய்லர் ஆறியிருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். குறைந்தால், பாய்லரோடு வந்த கையேட்டைப் பார்த்து, தண்ணீர் நிரப்பும் வால்வைத் திறந்து நிரப்பி, மறக்காமல் மூடிவிடலாம். வாரா வாரம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை கேஸ் சேஃப் பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியது. வாடகை வீடென்றால், அங்குள்ள 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி பெரும்பாலான வாடகை வீடுகளில் அதைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர்.

உதவிக்கு

இந்தியர்களுக்குத் துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 80046342. அங்கே சட்ட ஆலோசனையும் கிடைக்கும். இலங்கைத் தமிழர்கள் துபாயிலுள்ள தங்கள் துணைத் தூதரகத்தை அணுகலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தினர் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தில் மனு கொடுக்கலாம்.

இன்று இரவு வேலை முடிந்து வந்ததும் உங்கள் ஹீட்டரின் அடியில் இருக்கும் வால்வைப் பாருங்கள். யாராவது அடைத்திருந்தால் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, போட்டோ எடுத்து, இரவோடு இரவாகக் கேம்ப் பாஸுக்கு அனுப்புங்கள். வேலை தெரிந்தவர் வந்து வால்வை மாற்றும்வரை அந்த ஹீட்டரை யாரும் போடக் கூடாது என்று அறையில் எல்லோரிடமும் சொல்லுங்கள். நாளைக் காலை வாளி வீடியோவை எடுங்கள்.