சந்துக்குள் இருந்து வந்த தங்கம்

ஆட்டோ ஓட்டுநரின் மகள் கேரம் உலகக் கோப்பையை வென்ற கதை

"வெள்ளாமை எப்படி?" என்று வரப்பில் நின்று கேட்டுப் பாருங்கள். மூட்டை கணக்கில் நல்ல விளைச்சல் கண்டவர்கூட, "ஏதோ இருக்கு" என்றுதான் சொல்வார். கண்ணு பட்டுவிடும் என்ற பயம். அதே வயலில் புகையான் விழுந்தால் மட்டும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைகள் விஷயத்திலும் இதே வழக்கம்தான். மார்க் குறைந்தால் தெருவே பேசும். ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரத்தனம் காட்டினால், "விளையாட்டுப் புத்தி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

அப்படி முடித்துவிடாமல், ஒரு விளையாட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்த்த பகுதி ஒன்று இருக்கிறது. வயல்வெளி இல்லாத இடம் அது. ராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் வட சென்னை. விளையாட்டு, கேரம்.

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 6-வது கேரம் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. அதில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வாங்கியவர் காசிமா. அப்போது வயது 17. வீடு புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியரும் அவர்தான்.

காசிமாவின் பெயர் செய்தித்தாளில் வருவதற்குப் பதினோரு மாதம் முன்பு, இதே வட சென்னையைப் பற்றி வந்த செய்திகள் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. அந்த மாதக் கடைசியில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். கரித்தூள், சாம்பல், கசிவு என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்கு எண்ணூர் என்றாலே நினைவுக்கு வருவது. அந்தச் செய்திகள் பொய்யில்லை. ஆனால் அந்த மக்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள், வேலை முடிந்தால் எங்கே உட்காருகிறார்கள் என்பது அந்தச் செய்திகளில் வராது.

இடமில்லாத இடத்து விளையாட்டு

பழைய உழைப்பாளி ஊர் அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜாவுக்குக் கிளம்பியது. பிறகு துறைமுகமும் ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் வந்தன. ஆட்கள் வந்தார்கள். இடம் மட்டும் வரவில்லை. எதிரெதிரே இரண்டு வண்டி போக முடியாத சந்துகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் மைதானம் தேடிப் போக வேண்டும். கேரமுக்கு ஒரு போர்டு, அதன் நான்கு பக்கமும் உட்கார இடம், தலைக்கு மேல் ஒரு விளக்கு போதும்.

காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கு வருடத்தில் 61 நாள் கடலுக்குப் போக முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மானாவாரி விவசாயிக்குக் கோடையில் கை சும்மா இருப்பதைப் போலத்தான். ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்ட். ஒருவருக்குக் காலையில் ஓய்வு என்றால் இன்னொருவருக்கு ராத்திரியில். எந்த நேரத்தில் வந்தாலும் ஆள் கிடைக்கும் விளையாட்டு எதுவோ அதுதான் அங்கே நிற்கும். 'வட சென்னை' படம் 2018-இல் வந்த பிறகு கேரமையும் அந்தப் பகுதியையும் சேர்த்துப் பேசுவது எல்லா ஊருக்கும் பழகிவிட்டது. படத்தில் போர்டைச் சுற்றி அடிதடி அதிகம். நிஜத்தில் போர்டைச் சுற்றி அதிகம் இருப்பது வேடிக்கை பார்க்கும் பொடிசுகள். பெரியவர் எப்படி 'கட்' அடிக்கிறார், எந்தக் காயினை எதற்காக விட்டுவைக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் ஏர் பிடிக்கும் கையையும் நாற்று முடி கட்டும் விரலையும் பார்த்துப் பழகியது போல.

ஒருவர் சேதி இன்னொருவருக்குத் தைரியம்

காசிமா முதல் ஆள் இல்லை. சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் வீரர் அவர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதும் சென்னையில்தான்.

2008-இல் பிரான்ஸில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் மகளிர் பட்டம் வென்றவர் இளவழகி. வட சென்னையின் வியாசர்பாடிப் பெண். அப்பா மூன்று சக்கர வண்டி மிதித்துக் குடும்பத்தைக் காத்தவர். அந்தப் பெண்ணின் படம் பத்திரிகையில் வந்தபோது, பக்கத்துப் பேட்டைகளில் எத்தனை அப்பாக்கள் தங்கள் பெண் குழந்தையைப் போர்டு முன்னால் உட்கார வைத்தார்களோ, யார் கண்டது? ஒன்றால்தான் மற்றொன்று என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. இளவழகிக்குப் பதினாறு வருடம் கழித்துக் காசிமா. காசிமாவுக்கு ஒரே வருடம் கழித்து, 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த 7-வது உலகக் கோப்பையில் காசிமேட்டுப் பெண் கீர்த்தனா தங்கம் வாங்கித் திரும்பினார். முதல் இடைவெளி பதினாறு வருடம், அடுத்தது ஒரு வருடம். நல்ல சேதியை மூடி வைத்திருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா?

டிக்கெட் காசு

ஆட்டத்தில் கெட்டிக்காரியாக இருப்பது ஒரு பாடு. அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவது இன்னொரு பாடு. ஒரு நாள் ஆட்டோ ஓட்டினால் என்ன மிஞ்சும் என்பது தெரிந்ததே. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தங்குமிடம் என்று கணக்குப் போட்டாலே மலைப்பாக இருக்கும். பல வீடுகளில் திறமை நின்றுபோவது இந்த இடத்தில்தான். மாவட்டம் வரை பிள்ளை ஜெயிக்கும், அதற்கு மேல் பஸ் காசு இருக்காது.

காசிமாவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை கைகொடுத்தது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அறக்கட்டளை இது. பயணச் செலவுக்கு 1.5 லட்சம் ரூபாய் கிடைத்தது. மூன்று தங்கத்தோடு திரும்பிய பிறகு அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. பலருக்கு இந்த ஒரு கோடிதான் நினைவில் நிற்கும். உண்மையில் முக்கியமானது முன்னால் வந்த அந்த ஒன்றரை லட்சம். விதைக்கிற நேரத்தில் கிடைக்கும் கடன் மாதிரி. அறுவடைக்குப் பிறகு ஆயிரம் பேர் பாராட்டலாம், விதைப்பில் கை கொடுப்பவர் சிலரே.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. விளம்பரக் கம்பெனிகள் பின்னால் வருவதில்லை. ஆடுகிற எல்லாருக்கும் கோடி வராது. ஆனால் வழியே இல்லாமல் இல்லை. மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் உண்டு. பீகாரைச் சேர்ந்த உலகச் சாம்பியன் ரஷ்மி குமாரி ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தில் பணியில் இருப்பவர். நம் மாநிலத்தில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கேரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் எந்த வயதுக்கு எந்தப் பிரிவு, எப்போது பதிவு என்று சொல்வார்கள். கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைக் கருவிகள் கொண்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024-லிருந்து கொடுக்கப்பட்டது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அது பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வீட்டில் போர்டு வாங்குகிறவர்களுக்கு

திருவிழாக் கடையில் கிடைக்கும் சின்ன போர்டு குழந்தை விளையாட்டுக்குச் சரி. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்தால், போட்டிக்குரிய அளவிலேயே வாங்கிவிடுவது நல்லது. ஆடும் பரப்பு ஒரு பக்கம் 29 அங்குலம், அதாவது சுமார் 74 சென்டிமீட்டர். சின்னதில் பழகிய கைக்குப் பெரியதில் தூரக் கணக்கு தப்பும். பலகையின் கனம் குறைந்தது 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கனம் குறைந்த பலகையில் ஓரத்தில் அடித்துத் திரும்பும் காயின் பாதியில் நின்றுவிடும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. காயின்கள் கறுப்பு 9, வெள்ளை 9, ரெட் 1.

கணக்கு தெரியாமல் ஆடுகிற வீடுகள் நிறைய. போட்டி விதிப்படி, ஒருவர் தன் காயின்களை முடித்ததும் எதிராளியின் காயின் போர்டில் எத்தனை மிச்சமோ அத்தனை பாயின்ட் அவருக்கு. ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டிருந்தால் கூடுதலாக 3. ஆனால் 22 பாயின்ட்டைத் தொட்டவருக்கு அந்த 3 கிடையாது. 25 பாயின்ட்டை முதலில் எட்டுபவருக்கு ஆட்டம். எட்டு போர்டு ஆடியும் யாரும் எட்டவில்லை என்றால், முன்னிலையில் இருப்பவர் ஜெயித்தவர்.

பவுடர் விஷயத்தில் கவனம் தேவை. கடையில் விற்கும் கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் பவுடர். கரப்பானுக்கு வைக்கிறோமே, அதே சரக்குதான். வாயில் போகக் கூடாது. ஆடி முடித்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் தின்பண்டம் தொட வேண்டும். கைக்குழந்தை தவழும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள். அதற்குப் பதிலாக அரிசி மாவு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவு ஈரத்தை இழுக்கும், எறும்பும் தேடி வரும். பவுடரைக் குறைத்துப் போட்டாலே போதும், அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை.

ஆடாத நேரத்தில் போர்டைத் தரையில் வைக்காமல், சுவர் ஈரம் படாத இடத்தில் நேராக நிறுத்தி வையுங்கள். சாய்த்து வைத்தால் நாளடைவில் பலகை வளையும். நெல் மூட்டை அடுக்கிய அறையில் வைக்கவே வேண்டாம், அந்தப் புழுக்கத்துக்கு ஒரே மழைக்காலத்தில் பலகை உப்பிவிடும். விளக்கு போர்டின் நடுவுக்கு நேர் மேலே தொங்கட்டும், பல்பின் வெளிச்சம் ஆடுபவர் கண்ணில் அடிக்காதபடி ஒரு தகர மூடி போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் போர்டை உள்ளறையில் போடாமல் திண்ணையில் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து பார்க்கும்.