துண்டறிக்கையும் 28 நீதிபதிகளும்

கேசவ் சிங், கோரக்பூரைச் சேர்ந்த சோஷலிஸ்ட் கட்சித் தொண்டர். ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தாக்கித் துண்டறிக்கை வெளியிட்டார். உரிமை மீறல் புகார் எழுந்தது. கண்டனம் பெற்றுக்கொள்ள லக்னோவுக்கு வரச் சொன்னது உத்தரப் பிரதேசப் பேரவை. ரயிலுக்குப் பணமில்லை என்று அவர் போகவில்லை. 1964 மார்ச் 14 அன்று பிடித்துக்கொண்டுவந்து பேரவையில் நிறுத்தினார்கள். பெயர் கேட்டார் சபாநாயகர். பதில் இல்லை. சபாநாயகருக்கு முதுகைக் காட்டியபடி நின்றார் கேசவ் சிங். அன்றே ஏழு நாள் சிறை.

மார்ச் 19 அன்று வழக்கறிஞர் சாலமன், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் ஆட்கொணர்வு மனு போட்டார். விசாரணைக்கு எடுத்தபோது அரசுத் தரப்பில் ஆள் இல்லை. நீதிபதிகள் பேக், சாகல் இருவரும் இடைக்கால ஜாமீன் கொடுத்தார்கள். ஆட்கொணர்வு மனுவில் எந்த நீதிபதியும் செய்யக்கூடியதுதான் இது.

பேரவை கொதித்துப்போனது. கேசவ் சிங்கையும் சாலமனையும் மட்டுமல்ல, அந்த இரண்டு நீதிபதிகளையும் காவலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று மார்ச் 21 அன்று தீர்மானம் போட்டது. பேரவை நடவடிக்கைகளை நீதிமன்றம் துருவக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 212ஆவது பிரிவு. நீதிபதிகளின் பணி சார்ந்த நடத்தையைச் சட்டமன்றம் விவாதிக்கக்கூடாது என்கிறது 211ஆவது பிரிவு. முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பேரவை, இரண்டாவதைக் காற்றில் விட்டது. என் பார்வையில் இது அப்பட்டமான அத்துமீறல். ஜாமீன் கொடுத்ததற்காக நீதிபதியைச் சிறைப்பிடிக்கலாம் என்றால், அதிகாரத்தை எதிர்த்து நிற்கும் ஏழை எந்தக் கதவைத் தட்டுவான்?

இரண்டு நீதிபதிகளும் தங்கள் நீதிமன்றத்திலேயே மனுதாரர்களானார்கள். மார்ச் 23 அன்று 28 நீதிபதிகள் ஒரே அமர்வாக உட்கார்ந்து தீர்மானத்துக்குத் தடை விதித்தார்கள். பேரவையின் காவலர்கள் பக்கம் ஒரு ஆணை, நீதிமன்றத்தின் பக்கம் இன்னொரு ஆணை. போலீஸ் யார் பேச்சைக் கேட்பது? அந்த நிலைமை வராமல் காப்பாற்றியது, பேரவை ஓரடி பின்வாங்கியதும், பிரதமர் நேருவின் அரசு சும்மா இராததும்தான். கைதாணை விலக்கப்பட்டது, நேரில் வந்து விளக்கம் சொன்னால் போதும் என்று பேரவை மாற்றிக்கொண்டது. மார்ச் 26 அன்று குடியரசுத் தலைவர், 143ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

செப்டம்பர் 30இல், தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உள்ளிட்ட ஏழு பேரில் ஆறு பேர் ஒரே பக்கம் நின்றார்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றம்போல நம் சட்டமன்றங்கள் தங்களுக்குத் தாங்களே எல்லை வகுத்துக்கொள்ள முடியாது. எழுதிவைத்த அரசியலமைப்புக்கு அவையும் கட்டுப்பட்டவை. மனுவை ஏற்றது அவமதிப்பு ஆகாது. நீதிபதி சர்க்கார் மட்டும் மாறுபட்டார்.

விசாரிக்கும் உரிமை இப்படி உறுதியான பிறகு, கேசவ் சிங்கின் மனு மறுபடி அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவரைத் தண்டிக்கப் பேரவைக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி, 1965 மார்ச்சில் அதே நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

(தொடரும்)