கைவிட்டாலும் கால் மறக்காது! சைக்கிள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூடிக் கிடக்கிறதே, அந்தப் பழைய சைக்கிள்... அதைக் கடைசியாகத் தொட்டு எத்தனை வருடம் இருக்கும்? பத்து? இருபது? பைக் வந்தது, கார் வந்தது, தொப்பையும் வந்தது. "இனிமேல் நமக்கு பேலன்ஸ் வருமா?" என்ற பயமும் கூடவே வந்தது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்!

செய்யுள் மறந்தது, சைக்கிள் மறக்கவில்லை. ஏன் தெரியுமா?

ராத்திரி பூராவும் உருப்போட்ட செய்யுள் போயே போச்சு. குரங்கு பெடல் போட்டு, முழங்கை தேய்ந்து கற்ற சைக்கிள் மட்டும் அப்படியே இருக்கிறது! காரணம், மூளை இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. உடம்பு பழகிய வித்தைகளைப் பார்த்துக்கொள்வதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா மில்னர், இரண்டும் வேறுவேறு என்பதற்கு 1962-இல் ஒரு சாட்சியைக் காட்டினார். மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையுமே நினைவில் வைக்க முடியாத ஒருவருக்கு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். மூன்று நாளில் அவர் கை நன்றாகவே தேறிவிட்டது. ஆனால் அப்படி ஒரு பயிற்சி செய்ததே அவருக்கு ஞாபகமில்லை!

மறக்க முயன்றும் முடியாமல் போனவர் தெரியுமா?

அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சான்ட்லினிடம் ஒரு வில்லங்க சைக்கிள் வந்து சேர்ந்தது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் போகும்! தினமும் ஐந்து நிமிடம் பழகினார். ஓட்ட வருவதற்கு 8 மாதம் ஆயிற்று. அவருடைய சின்ன மகனுக்கோ இரண்டே வாரம்! அதன்பின் ஆம்ஸ்டர்டாம் போனவர் சாதாரண சைக்கிளில் ஏறினார். தடுமாற்றமோ தடுமாற்றம். சுமார் 20 நிமிடம் போராடினார். திடீரென்று, சுவிட்ச் போட்டதுபோல், பழைய வித்தை திரும்பிவிட்டது! எட்டு மாதம் மெனக்கெட்டும் அழியாத ஒன்று, நீங்கள் சும்மா இருந்ததாலா அழிந்துவிடும்?

நடக்க முடியாதவர் சைக்கிள் ஓட்டினார்!

2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட செய்தி இது. 58 வயதுக்காரர், பார்க்கின்சன் நோய் முற்றியவர். நான்கு அடி வைப்பதற்குள் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், ஆள் விழுந்துவிடுவார். ஆனால் சைக்கிளில் ஏற்றிவிட்டால்? ஜம்மென்று ஓட்டிப்போய், வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தார்! இறங்கியதும் மறுபடியும் கால் ஒட்டிக்கொண்டது.

இடப்பக்கம் போக வலப்பக்கம் திருப்புகிறீர்கள்!

ஓடுகிற சைக்கிளை இடப்பக்கம் வளைக்க, முதலில் ஹேண்டில்பாரை மயிரிழை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். அதனால்தான் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிறகு வளைகிறது. நம்பமுடியவில்லையா? விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் வில்பர் இதைக் கவனித்துச் சொன்னபோது, தினம் ஓட்டுகிறவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை!

சரி, மூளை மறக்கவில்லை. பின்னே ஏன் முதல் நாளே இடுப்பு, முழங்கால், கை எல்லாம் வலிக்கிறது? குற்றவாளி உங்கள் வயதாக இருக்கவேண்டியதில்லை. முதலில் சைக்கிளின் அளவைப் பாருங்கள்!

மெத்துமெத்தென்ற சீட்தான் அதிகம் வலிக்கும், தெரியுமா?

மரப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கை இரண்டையும் அடியில் வைத்து இப்படியும் அப்படியும் அசைந்து பாருங்கள். கையில் இரண்டு எலும்பு முட்டுகிறதா? உடம்பு பாரத்தைத் தாங்க வேண்டியவை அவை. பஞ்சு மாதிரி சீட்டில் அந்த எலும்புகள் புதைந்துபோகும். நடுவிலுள்ள பஞ்சு மேலே பிதுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தை அழுத்தும். அதனால்தான் மரத்துப்போகிறது! நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம் ஊர்ப் பழைய சைக்கிளுக்கு அகலமான ஸ்பிரிங் சீட் வைத்தார்களே, அது சும்மா இல்லை. நிமிர்ந்தால் பாரம் முழுக்கப் பின்புறத்தில். குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளுக்கு ஒல்லி சீட் போதும்.

முழங்கால் வலிக்கு மருந்து ஒரு ஸ்பேனர்!

பயத்தில் நாம் செய்யும் முதல் காரியம், இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்துவது. அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மடங்கி மடங்கி நோகும். சரியான உயரம் எது? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் அதுதான் அளவு. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கி நிற்கும். நிற்க வேண்டுமானால் சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக் காலூன்ற வேண்டும். முதல் நாள் தைரியத்துக்குத் தாழ்வாகவே இருக்கட்டும். பிறகு நாளுக்கு ஒரு விரற்கடை ஏற்றுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்!

சுண்டுவிரல் ஏன் மரத்துப்போகிறது?

சுண்டுவிரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, உள்ளங்கையின் ஓரமாக ஓடுகிறது. ஹேண்டில்பாரில் ஒரேயடியாகச் சாய்ந்தால் அது நசுங்கும். முழங்கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், கையை அவ்வப்போது மாற்றிப் பிடியுங்கள். அவ்வளவுதான்!

டயருக்குள் காற்று வந்தது ஒரு பிள்ளைக்காக!

1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று குலுங்குவதைப் பார்த்துச் செய்ததுதான் காற்றடைத்த டயர். அதற்குமுன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் உலகம் மறந்துவிட்டது. ஆணி குத்தாவிட்டாலும் ரப்பர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே சாக்குக்குள் கிடந்த டயர் தட்டையாக இருந்தால் பஞ்சர் என்று முடிவுகட்டாதீர்கள். எவ்வளவு காற்று வேண்டுமென்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அங்கே விரிசல் தெரிந்தால் மட்டும் டயரை மாற்றிவிடுங்கள்.

இடது பெடலின் மரை தலைகீழ்!

வலது பெடலை வழக்கம்போல் வலப்பக்கம் திருகி முடுக்குவார்கள். இடது பெடலுக்கு நேரெதிர்! இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க அது தானாகவே கழன்றுவிடும்.

வேகம் இரண்டு மடங்கு, உழைப்பு எட்டு மடங்கு!

காற்றை எதிர்த்துத் தள்ளத் தேவைப்படும் திறன் அப்படித்தான் எகிறும். நிதானமாகப் போனால்? அதே தூரத்தை நடந்து கடக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும்! பேச்சு கொடுத்தால் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம்.

100 வயதைவிட 102 வயதில் வேகம்!

பிரான்சின் ராபர்ட் மர்ஷான் இளமையில் சைக்கிள் ஓட்டியவர். பிறகு பல வருடம் விட்டுவிட்டு, அறுபதைத் தாண்டித்தான் மறுபடி ஏறினார். 2012-இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர். 2014-இல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர்! 101-க்கும் 103-க்கும் இடையில் அவர் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவிகிதம் கூடியதாக அளந்து பார்த்தார்கள். பயிற்சி ரகசியம்? ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக, ஒரு பங்கு மட்டும் வேகமாக!

புதுக்கோட்டையில் நடந்தது தெரியுமா?

1990-களின் தொடக்கம். எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்று ஊக்கம் கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையா? பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள்! அன்று இருபதில் பழகியவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கால்களும் மறந்திருக்காது.

இதயக் கோளாறோ தலைச்சுற்றலோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, செயினில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், துப்பட்டாவைச் செருகுங்கள். மெயின் ரோடு வேண்டாம். விடிகாலையில் ஆளில்லாத தெருவில் பத்து நிமிடம் போதும்.

இன்றைக்கே அந்தச் சாக்கை எடுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால், தெருமுனை சைக்கிள் கடைவரை தள்ளிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது தள்ள வேண்டியிருக்காது!