நிலா வண்டி சுவரில் முட்டினால்...

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இன்ஜினியரிங் மாணவர் ஒருநாள் ஆறு சக்கர வண்டியோடு வந்து நின்றார். நண்பர்களுடன் சேர்ந்து செய்த ரோவர். "சார், ரிமோட்டில் நன்றாக ஓடுகிறது. தானாக ஓடவிட்டால் சுவரில் முட்டுகிறது. போட்டிக்கு வீடியோ அனுப்ப நாளைதான் கடைசி நாள்" என்றார்.

"ரிமோட்டிலேயே ஓட்டலாமே?" என்றேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மவுஸை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி உடனே நகர்கிறது. நிலவோ சுமார் 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சிக்னல் போய்ச்சேர 1.3 வினாடி ஆகும். செவ்வாய்க்கு என்றால், அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். பள்ளத்தைப் பார்த்து நாம் "நில்" என்று சொல்வதற்குள் வண்டி உள்ளே விழுந்திருக்கும்!

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கிய 26 கிலோ பிரக்யான் ரோவர், ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளத்தைக் கண்டது. அதன் வேகம் வினாடிக்கு ஒரு செ.மீ. தான். அந்த 3 மீட்டரைக் கடக்கவே 5 நிமிடம் வேண்டும். எனவே பூமியிலிருந்து கட்டளை அனுப்பித் திருப்பிவிட முடிந்தது. செவ்வாயில் அதற்கு நேரம் போதாது. அங்கே வண்டியே முடிவெடுக்க வேண்டும்.

இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். கீபோர்டுக்குப் பதில் கேமராவும் சென்சாரும். பிரிண்டருக்குப் பதில் மோட்டார். 2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டியின் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ், ராம் 256 எம்.பி. உங்கள் மேஜையில் இருப்பது அதைவிடப் பெரியது! விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்க வேண்டும் என்பதால் அங்கே வேகத்தைவிட உறுதிதான் முக்கியம்.

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் மார்ஸ் சொசைட்டி 2007 முதல் நடத்தும் பல்கலைக்கழக ரோவர் போட்டியிலும் மாணவர்கள் வண்டியை நேரில் பார்க்க முடியாது. திரையைப் பார்த்துத்தான் இயக்க வேண்டும். வேலூர் விஐடி மாணவர்களும் இதில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, எங்கள் வண்டி ஏன் முட்டியது? புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தோம். "சுவர் 30 செ.மீ.க்குள் வந்தால் நில்" என்ற கட்டளை சரியாகத்தான் இருந்தது. ஆனால் சென்சார் வினாடிக்கு ஒரு முறைதான் தூரத்தை அளந்தது. அதற்குள் வண்டி அரை மீட்டர் ஓடிவிட்டது! வினாடிக்குப் பத்து முறை அளக்கும்படி மாற்றி, வேகத்தையும் குறைத்தோம். இரவு பதினொரு மணிக்குச் சுவருக்கு முன்னால் அழகாக நின்றது. வீடியோவும் போய்விட்டது.

உங்கள் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கிறதா? ஸ்க்ராட்ச் என்ற இலவச புரோகிராமில் பூனை ஒன்றை ஓடவிட்டு, சுவர் வந்தால் திரும்பச் சொல்லிப் பாருங்கள். ரோவரின் முதல் பாடம் அதுதான். கரண்ட் போவதற்குள் 'சேவ்' செய்ய மறக்காதீர்கள்!