சராசரிக்குள் மறையும் வீடுகள்

தொடர் - 11

சென்ற வாரம் சிவகாசியில் லாட்டரிச் சீட்டு அடித்த காலத்தைப் பார்த்தோம். பல மாநிலங்களின் சீட்டுகள் இங்கே அச்சாகி, எண் போட்டு, கட்டுக்கட்டாக வெளியூர் போயின. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையைத் தடை செய்ததும் அந்த வேலை பெருமளவு நின்றது. அச்சகங்கள் டைரி, காலண்டர், நோட்டுப் புத்தகம் என்று பழைய வழிக்கே திரும்பின. இந்த வாரம், அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு கணக்கைப் பற்றி.

1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசு லாட்டரி தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பதுதான் அன்றைய விளம்பரம். நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்பதற்குப் பட்ஜெட்டில் கணக்கு இருந்தது. எத்தனை சீட்டு அடித்தோம் என்பது அச்சகத்துக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து எவ்வளவு போனது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. சீட்டில் வாங்கியவர் பெயர் கிடையாது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை சீட்டு வாங்கினார் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அரசுக்குத் தெரியாது.

ஜெயித்தவரின் பெயர் மட்டும் ஊரெல்லாம் பரவும். 2023இல் கேரளத்தின் திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி ரூபாய், திருப்பூரைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. தமிழ்நாட்டில் எல்லாப் பத்திரிகையிலும் அது செய்தி. அந்தக் குலுக்கலுக்கு விற்ற சீட்டுகள் சுமார் 75 லட்சம், ஒரு சீட்டு 500 ரூபாய். சிவகாசி உள்ள நம் விருதுநகர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 19.4 லட்சம். கைக்குழந்தை உட்பட மாவட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஏறத்தாழ நான்கு சீட்டு வாங்கியிருந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். அத்தனை பேரில் நான்கு நண்பர்களின் முகம் மட்டும் நமக்குத் தெரியும்.

தடைக்குப் பிறகும் ஆட்டம் ஓயவில்லை. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து ஆடும் ‘மூணு நம்பர் லாட்டரி’ துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. விற்றவர் கைது என்ற செய்தி உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. சட்டவிரோத ஆட்டத்தில் கணக்கைத் தேட வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு, வரி கட்டி, கைப்பேசியில் பல ஆண்டுகள் நடந்த ஆட்டத்துக்கும் கணக்கு இல்லாமல் போனது எப்படி?

இது நீதிமன்றம் வரை போன கேள்வி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவியல் முறையிலான ஆய்வு இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த சம்பவங்களை வைத்து இவ்வளவு பெரிய தடை போட முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த ஆட்டங்களில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரத்தில், தரவு இல்லாததும் சேர்ந்து ஒரு சட்டத்தைச் சாய்த்தது. அதன் பிறகுதான் 2022இல் இணைய ஆட்டங்களின் பாதிப்பை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அரசு பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டது. மின்னஞ்சலில் வந்த 10,735 கருத்துகளில் 27 மட்டுமே தடைக்கு எதிரானவை. மக்கள் மனநிலைக்கு இது சாட்சி. ஆனால் இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். வலி பட்டவரும் கோபப்பட்டவரும் தாமாக எழுதியவை அவை.

மத்திய அரசின் கணக்கையும் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் நிறைவேறியபோது, ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்ற மதிப்பீடு சொல்லப்பட்டது. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 444 ரூபாய். அந்தத் தொகைக்காக யாரும் தாலியை அடகு வைப்பதில்லை, உயிரை விடுவதுமில்லை. சராசரி இங்கே உண்மையை மறைத்துவிடுகிறது. பலர் பத்தும் இருபதும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர்தான் வீட்டையே விடுகிறார்கள்.

இந்தச் சிலரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குப் பிரிட்டனில் ஒரு வழி காட்டினார்கள். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் லாய்ட்ஸ் வங்கியின் 65 லட்சம் வரையிலான வாடிக்கையாளர்களின் ஏழு ஆண்டு வரவு செலவை, பெயரை நீக்கிவிட்டு, ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். சூதாடியவர்களில் உச்சியில் இருந்த 1 சதவீதத்தினர் வருமானத்தில் 58 சதவீதத்தை அதில் விட்டிருந்தார்கள். அதிகம் ஆடியவர்கள் கடன் தவணை தவறுவதும், தூங்காமல் இரவில் ஆடுவதும் கணக்கில் தெரிந்தன. யாரிடமும் ‘நீங்கள் சூதாடுவீர்களா?’ என்று கேட்கவே இல்லை. கேட்டால் வெட்கத்தில் குறைத்துத்தான் சொல்வார்கள். வங்கிக் கணக்கு குறைத்துச் சொல்லாது. அமெரிக்காவிலும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. பந்தயம் வந்த மாநிலத்தையும் வராத மாநிலத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள், திவால் மனுக்கள் கூடியதைக் காட்டின.

நம் மாவட்டத்துக்கு அப்படி ஓர் ஆய்வு வந்தால் மாத வருமானத்தை வைத்து அளக்கக் கூடாது. பட்டாசு ஆலையில் வாரச் சம்பளம், பீஸ் ரேட். தீபாவளிக்கு முன் போனஸ், மழைக்காலத்தில் வேலைக் குறைவு. எந்த வாரம் கையில் காசு வந்தது, எந்த இரவு அது போனது, அடுத்த குழுக் கடன் தவணை தவறியதா என்று பார்க்க வேண்டும். இரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், மத்தியத் தடைக்கு முன், 2025இல் விதி கொண்டுவந்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த விதி எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது என்று கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் எண் வேண்டாமா?

அச்சடித்த சீட்டில் வாங்கியவர் பெயர் இல்லை. செயலியில் எல்லாம் இருந்தது: யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த யுபிஐ கணக்கிலிருந்து. மத்தியச் சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. அந்தப் பதிவேடுகள் அழியும் முன் ஆணையம் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பெயரை நீக்கி, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டமே தேவைப்பட்டாலும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தக் கடனில் சிக்கியிருந்தால் ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.