மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களும் வீட்டுச் சாதனக் கடனும்

கிராமத்திற்கு மின்சாரக் கம்பி வந்து சேர்ந்த மாத்திரத்தில் கிராமத்தார் மின்சாரத்தின் பயனை அடைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கம்பத்திலிருந்து வீட்டிற்குள் கம்பி இழுக்க வேண்டும். விளக்குகள் பொருத்த வேண்டும். நீர் இறைக்கவும், துணி துவைக்கவும், பால் கெடாமல் வைக்கவும் வேண்டுமாயின் அவற்றிற்குரிய யந்திரங்களை வாங்க வேண்டும். இவற்றிற்கெல்லாம் ஒரே சமயத்தில் ரொக்கம் தேவை. குடியானவருக்கோ அறுவடைக் காலத்தில்தான் கையில் பணம் புழங்கும். ஆகவே, மின்சாரம் வழங்கும் சங்கமே தன் அங்கத்தினர்களுக்கு இச் சாதனங்களுக்கு வேண்டிய பணம் கிடைக்க வழி செய்து, மாதந்தோறும் மின்சாரக் கட்டணத்துடன் சேர்த்து அதை வசூலித்துக்கொள்ளும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏற்பட்டது. அம்முறையின் வரலாற்றையும், கணக்கையும், குணதோஷங்களையும் இங்கு எடுத்துரைப்போம். கடன் வாங்கும் நிலச்சுவான்தார்களும், சங்கங்களை நடத்தும் கிராமப் பெரியோர்களும் இதிலிருந்து அறிய வேண்டியவை பல உள.

கம்பி வராத காலம்

1930-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் அந்நாட்டு நகரங்களில் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதில் மின்சார விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றில்தான் அவ்வசதி இருந்தது. இதற்குக் காரணம் எளிதில் விளங்கும். நகரத்தில் ஒரு மைல் கம்பி இழுத்தால் வழி நெடுக வீடுகள் உண்டு. நாட்டுப்புறத்தில் பண்ணைகள் தனித்தனியே தூரதூரமாக இருப்பதால், ஒரு மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே கிடைக்கும். கம்பமும் கம்பியும் இரண்டிடத்திலும் ஒரே விலைதான். ஒரு மைலுக்கு 1,500 டாலர் முதல் 2,000 டாலர் வரையில் செலவாகும் என்று கூறி, தனிப்பட்ட கம்பெனிகள் நாட்டுப்புறம் செல்லப் பின்வாங்கின.

1935 மே 11-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவினால் கிராம மின்சார நிர்வாக இலாகா ஏற்பட்டது. மறு வருஷம் மே 20-ஆம் தேதி அதற்குரிய சட்டம் நிறைவேறியது. செனட்டர் ஜார்ஜ் நாரிஸும், பிரதிநிதி சபை அங்கத்தினர் சாம் ரேபர்னும் அதைக் கொண்டுவந்தவர்கள். சர்க்கார் கடன் கொடுத்தால் கம்பெனிகள் முன்வரும் என்று முதலில் எண்ணினார்கள். முன்வந்தவர்களோ பெரும்பாலும் குடியானவர்களே. அவர்கள் ஆளுக்கு 5 டாலர் போன்ற சிறு தொகையை நுழைவுக் கட்டணமாகச் செலுத்திச் சங்கம் அமைத்து, சர்க்காரிடம் நீண்ட காலக் கடன் பெற்றுத் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். வேலையைச் சிக்கனமாகவும் ஒரே மாதிரியாகவும் செய்ததனால், ஒரு மைல் கம்பிக்கான செலவு 1,000 டாலருக்கும் கீழே இறங்கிற்று.

சங்கம் கடன் கொடுக்க முன்வந்த காரணம்

கம்பி இழுக்க வாங்கிய கடனைச் சங்கம் திருப்பிக் கட்டியாக வேண்டும். அதற்கு வருமானம், அங்கத்தினர்கள் செலவழிக்கும் மின்சாரத்திலிருந்துதான் வர வேண்டும். டெக்ஸஸ் ராஜ்யத்தின் குன்றுப் பிரதேசத்தில் 1938-இல் ஏற்பட்ட பெடர்நேலிஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தை உதாரணமாகக் கொள்வோம். அச்சங்கம் 1,830 மைல் கம்பி இழுத்து 2,892 குடும்பங்களுக்கு மின்சாரம் வழங்கத் திட்டமிட்டது. மைலுக்கு இரண்டு குடும்பங்கள்கூட இல்லை. அப்பகுதியின் காங்கிரஸ் அங்கத்தினராக அப்போது இருந்த லிண்டன் ஜான்சன் முயன்றதன் பேரிலேயே அதற்குக் கடன் கிடைத்தது. 1939-இல் அங்கு விளக்குகள் எரியத் தொடங்கின.

இத்தகைய இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு நின்றால் சங்கத்தின் கதி என்ன ஆகும்? கம்பத்தின் கடனும், பழுது பார்ப்போர் சம்பளமும் குறைவதில்லை. வருமானம் மாத்திரம் குறைந்துவிடும். அங்கத்தினர் நீர் இறைக்கும் பம்பு ஒன்று வைத்தாலோ, அவர் வேலையும் எளிதாகும், சங்கத்தின் வருமானமும் உயரும். வருமானம் உயர்ந்தால் யூனிட்டின் விலையையும் குறைக்கலாம். ஆகவே சாதனக் கடன் கொடுப்பது சங்கத்தார் செய்த தருமம் அன்று. இழுத்த கம்பிக்கு அவர்கள் தேடிய காப்பு என்றே கொள்ள வேண்டும்.

பணம் சென்று திரும்பிய வழி

இதற்கு இரண்டு வழிகள் ஏற்பட்டன. முதலாவது, டென்னஸி நதிப் பள்ளத்தாக்கில் 1934-இல் வேலை தொடங்கிய மின்சார வீடு, பண்ணை ஸ்தாபனம். இதில் வாங்குபவர் சிறு முன்பணம் கொடுத்துவிட்டு, வியாபாரியிடம் தவணைப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். அந்தப் பத்திரத்தை ஸ்தாபனம் வாங்கிக்கொண்டு வியாபாரிக்கு உடனே பணம் கொடுத்துவிடும். மின்சாரம் வழங்குவோர் மாதத் தவணையை மின்சாரப் பில்லில் சேர்த்து வசூலித்து அனுப்புவர். தரம் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்ட, விலை குறைந்த சாதனங்களுக்கே கடன் உண்டு என்ற நிபந்தனையால், யந்திரம் செய்வோரும் மலிவான மாதிரிகளைச் செய்ய நேர்ந்தது. 1935-இல் இந்த ஏற்பாடு மற்றப் பிரதேசங்களுக்கும் பரவி, 1942-இல் முடிவுற்றது.

இரண்டாவது வழி, 1936-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. வீட்டிற்குள் கம்பி இழுப்பதற்கும், மின்சாரச் சாதனங்களும் தண்ணீர்க் குழாய்ச் சாதனங்களும் வாங்கிப் பொருத்துவதற்கும் சர்க்கார் கடன் கொடுக்கலாம் என்று அப்பிரிவு அனுமதித்தது. சங்கம் சர்க்காரிடம் மொத்தமாகக் கடன் வாங்கி அங்கத்தினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நமது ஐக்கிய நாணய சங்கங்கள் மத்திய பாங்கியில் வாங்கி அங்கத்தினருக்குக் கொடுப்பது போன்றதே இது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மாதந்தோறும் மீட்டர் பார்த்துப் பில் எழுத வேண்டியிருப்பதால், கடன் வசூலுக்கெனத் தனிக் குமாஸ்தா தேவையில்லை. வசூல் செலவு குறைவதால் வட்டியையும் குறைக்க இயலும்.

தவணைக் கணக்கு

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சாதனத்தின் விலை 120 டாலர் என்றும், முன்பணம் நூற்றுக்கு 5 வீதம் 6 டாலர் என்றும், மீதி 114 டாலருக்கு வருஷத்திற்கு நூற்றுக்கு 5 வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்.

ஒரே வருஷத்தில் அடைப்பதானால் வட்டி சுமார் 3 டாலர். மாதத் தவணை ஏறக்குறைய 9 டாலர் 75 சென்ட். மூன்று வருஷங்களில் அடைப்பதானால் வட்டி சுமார் 9 டாலர். மாதத் தவணை 3 டாலர் 42 சென்ட். ஆறு டாலர் அதிக வட்டியினால் மாதப் பளு மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது. இதுவே நீண்ட தவணையின் நன்மை. இதிலேயே அபாயமும் அடங்கியிருக்கின்றது. தவணை சிறியதாகத் தோன்றுவதனால் ஒருவர் ஒன்றுக்கு மூன்று சாதனங்களை வாங்கிவிடுவார். அப்போது மாதத்திற்கு 10 டாலருக்கு மேல் கட்ட வேண்டும்; அதன் மேல் மின்சாரக் கட்டணம் வேறு. யந்திரம் இரண்டு வருஷத்தில் பழுதாகிவிட்டால், மூன்றாம் வருஷம் முழுவதும் உழைக்காத யந்திரத்திற்குத் தவணை கட்ட நேரும். எனவே யந்திரத்தின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

எதை முதலில் வாங்குவது?

மின்சாரம் வந்த அமெரிக்கப் பண்ணைகளில் விளக்குகளுக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலோர் வாங்கியவை இஸ்திரிப் பெட்டியும் ரேடியோவும் ஆகும். துணி துவைக்கும் யந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் அவற்றின் பின்னர் வந்தன. இஸ்திரிப் பெட்டியை ஏன் விரும்பினார்கள் என்பதை அக்காலத்துக் குடும்ப ஸ்திரீகளின் உழைப்பை அறிந்தோர் உணர்வர். கடும் வேனிலிலும் அடுப்பை எரியவிட்டு, கனமான இரும்பை அதன் மேல் காய்ச்சிக் காய்ச்சித் தேய்க்க வேண்டியிருந்தது.

ஆயினும் உழைப்பைப் பெரிதும் மிச்சப்படுத்தியது தண்ணீர்ப் பம்பே. ஒரு பண்ணைக் குடும்பத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் 200 காலன் தண்ணீர் வேண்டும் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். வருஷத்திற்கு இது 73,000 காலன், ஏறக்குறைய 300 டன். இவ்வளவையும் கிணற்றிலிருந்து இறைத்து வாளியில் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே. ஆனால் பம்பிற்கும் குழாய்க்கும் பணம் அதிகமாகத் தேவைப்பட்டதால் பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். விலை அதிகமாயினும் உழைப்பைக் குறைக்கும் இத்தகைய பொருளுக்கே கூட்டுறவுக் கடன் உண்மையில் தகும்.

சாதனங்களை எப்படிக் கையாள்வது என்று விளக்க, 1938 முதல் 1941 வரையில் கிராம மின்சார இலாகாவினர் பெரிய கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார்கள். ஜனங்கள் அதை ‘சர்க்கஸ்’ என்றே அழைத்தார்கள். லூயிசன் மேமர் என்ற மாது அதில் மின்சார அடுப்பில் சமைத்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர். காண்பித்தல் நல்லதே, யானும் வயல்களில் அத்தொழிலையே செய்து வருபவன். ஆனால் காண்பிப்பவன் கடமை, வாங்கத் தூண்டுவதோடு முடிவதில்லை. ஒரு கிராமத்தில் குடியானவர் ஒருவர் கண்காட்சியில் பம்பு ஒன்றைக் கண்டு மகிழ்ந்து, கடன் வாங்கிப் பொருத்தினார். கோடையில் அவர் கிணறு அரைமணி நேரம் இறைத்தாலே வற்றிவிடும் என்பதைக் கடன் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, யானும் கேட்கவில்லை. பம்பு சும்மா நின்றது; தவணை நிற்கவில்லை. அது முதல், ஊற்றை அளந்து பாராமல் பம்பைப் பற்றி ஒருவரிடமும் யான் பேசுவதில்லை.

பிற்காலத்து மாறுதல்

1950-க்குள் அமெரிக்கப் பண்ணைகளில் ஐந்தில் நான்கு பங்கு மின்சாரம் பெற்றுவிட்டன. அதன் பின் நிலைமை தலைகீழாக மாறிற்று. மின்சாரத்தை அதிகமாகச் செலவழிக்கச் செய்வதைவிட, வீணாகாமல் தடுப்பதே லாபம் என்று பல சங்கங்கள் கண்டன. கடன் கொடுத்து வசூலிக்கும் முறை அதுவே. நோக்கம் மட்டும் வேறாயிற்று.

தென் கரோலினா ராஜ்யத்துச் சங்கங்கள் 2011-இல் 125 வீடுகளில் இதைப் பரீட்சித்தன. வீட்டை முதலில் சோதித்து, காற்றுக் கசிவுகளை அடைத்து, வெப்பம் தடுக்கும் பொருளைப் பரப்பி, வெப்பமும் குளிர்ச்சியும் தரும் பழைய யந்திரத்திற்குப் பதிலாகச் சிக்கனமானதை வைக்கக் கடன் கொடுத்தார்கள். வட்டி நூற்றுக்கு 2½. தவணைக் காலம் 10 வருஷம். அவ்வீடுகளின் மின்சாரச் செலவு சராசரி நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. கடன் தவணை போக, வீட்டிற்கு வருஷத்தில் சுமார் 288 டாலர் மிச்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. 2014-ஆம் வருஷத்து விவசாயச் சட்டம், இவ்வகைக் கடனுக்காகச் சங்கங்களுக்கு வட்டியில்லாமல் பணம் கொடுக்க வழி செய்தது. சங்கம் அங்கத்தினரிடம் வாங்கும் வட்டிக்கு நூற்றுக்கு 3 என்று வைத்த உச்ச வரம்பு, 2018-ஆம் வருஷத்துச் சட்டத்தால் 5 ஆயிற்று.

இம்முறையில் கவனிக்க வேண்டிய கடுமை ஒன்று உண்டு. சில ஏற்பாடுகளில் சாதனத் தவணை பாக்கி நின்றால் மின்சார இணைப்பையே துண்டிக்கலாம். அதாவது, குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கிய கடனால் வீட்டு விளக்கும் அணையக்கூடும். ஆனால் கண்டிப்பே இல்லாவிடில், ஒருவர் கட்டாத பாக்கி ஒழுங்காகக் கட்டும் அயலார் தலையில் விழும். சங்கத்தின் பணம் அங்கத்தினர் யாவருடைய பணமுமே அல்லவா?

சங்கத்தார் கவனிக்க வேண்டியவை

நம் தேசத்திலும், 1969 முதற்கொண்டு கர்நாடகத்தில் ஹுக்கேரி, இன்றைய தெலங்கானாவில் சிர்சில்லா முதலிய ஐந்து இடங்களில் அமெரிக்கச் சங்கங்களின் ஆலோசனையுடன் கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மின்சாரச் சங்கம் இல்லாத ஊர்களிலும், யந்திரத்திற்குக் கடன் கொடுக்கும் எந்தச் சங்கத்திற்கும் கீழ்க்கண்ட விதிகள் பொருந்தும்.

1. சாதனத்தால் ஆண்டில் மிச்சமாகும் பணமும் கூலியும், அல்லது கிடைக்கும் வருமானமும், ஆண்டுத் தவணையைத் தாங்குமா என்று காகிதத்தில் கணக்கிட்ட பின்பே கடன் வழங்க வேண்டும்.

2. கடனின் காலம் சாதனத்தின் ஆயுளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

3. சாதனத்தைச் சங்கத்தார் தரம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வியாபாரிக்குப் பணம் செலுத்துமுன், அது பொருத்தப்பட்டுச் சரியாக ஓடுகின்றதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

4. மீட்டர் கட்டணமும் கடன் தவணையும் பில்லில் தனித்தனியே எழுதப்பட வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் அங்கத்தினருக்குத் தம் கடன் நிலை தெரியாமற்போகும்.

5. முதற் கடன் தீருமுன் இரண்டாவது சாதனத்திற்குக் கடன் கேட்பவரிடம் தாட்சணியம் பார்க்கலாகாது.

6. மாதத் தவணை கட்ட இயலாத விவசாயிக்கு அறுவடையை ஒட்டித் தவணையை அமைத்துக் கொடுக்கலாம். அவ்வேற்பாடு கடன் கொடுக்கும்போதே பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.

மகாஜனங்களே! தனி ஒருவரால் இழுக்க முடியாத கம்பியை ஐந்து ஐந்து டாலராகச் சேர்த்து இழுத்துக்கொண்டவர்கள் குடியானவர்களே. அக் கம்பியைக் கொண்டு சுமையைக் குறைத்துக்கொள்வதும், புதிய சுமையை ஏற்றிக்கொள்வதும் நம் கையில்தான் உள்ளன. தவணை எவ்வளவு சிறியது என்று பார்ப்பதற்கு முன், அச் சாதனம் நம் வீட்டில் என்ன வேலை செய்யும் என்று கேட்டறிந்து வாங்குவோமாக.