மூடி என்று ஒரு பலகாரம்

ஸ்பெயின் தேசத்தில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். இராச் சாப்பாடோ ஒன்பது, பத்து மணிக்கு முன்னால் கிடையாது. நடுவில் பசி சும்மா இருக்குமா? அந்தப் பசிக்கு அந்நாட்டார் கண்டிருக்கும் சமாதானத்துக்குத் 'தாப்பா' என்று பெயர். ஒரு சின்னத் தட்டு. அதில் நாலைந்து வாய் கொள்ளும் பண்டம். அவ்வளவுதான்.

'தாப்பா' என்னும் ஸ்பானிய வார்த்தைக்கு 'மூடி' என்று அர்த்தம். திராட்சை மதுக் கோப்பையில் ஈயும் தூசியும் விழாமல் ஒரு ரொட்டித் துண்டினால் மூடியதிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். காதிஸ் துறைமுகத்தில் பதின்மூன்றாம் அல்போன்ஸோ மன்னரின் கோப்பையில் கடற்கரை மணல் விழாதபடி ஒரு பரிசாரகர் இறைச்சித் துண்டால் மூடினார் என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது.

செவில்யா நகரில் முதல் நாள் மாலை நாமும் நண்பர்கள் மூவரும் ஒரு கடையில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். சின்னத் தட்டுகள்தானே என்ற தைரியத்தில் எட்டுப் பண்டங்களை ஒரே மூச்சில் கேட்டுவிட்டோம். அங்கே அளவு மூன்று விதம்: 'தாப்பா' என்பது சிறு தட்டு, 'மெதியா ரஸியோன்' அரைத் தட்டு, 'ரஸியோன்' பலர் பகிர்ந்து உண்ணும் முழுத் தட்டு. நாம் கேட்டவை எல்லாம் ரஸியோன்! மேஜை நிரம்பி வழிந்தது. பாதி ஆறிப் போயிற்று, மீதி வீணாயிற்று. பக்கத்தில் ஒரு கிழத் தம்பதிகள் நின்றபடியே ஒரே தட்டைப் பகிர்ந்து உண்டு, எல்லாரோடும் சிரித்துப் பேசிவிட்டு, அடுத்த கடைக்கு நடந்தார்கள். நமக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் அவர்களுடைய வழியையே பின்பற்றினோம். ஒரு கடையில் ஒன்று அல்லது இரண்டு தட்டு. பிறகு அடுத்த கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விசேஷப் பண்டம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதே விவேகம். செவில்யாவில் 1670-ம் வருஷத்தில் ஏற்பட்ட 'எல் ரின்கொன்ஸில்யோ' என்ற கடையில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்தது பிரசித்தம். கணக்கை மரப்பலகையின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். கிரனாதா நகரில் பானம் வாங்கினால் தாப்பா இனாமாக வருவது வழக்கம். வடக்கே ஸான் ஸெபாஸ்தியானில் இதற்குப் 'பின்ச்சோ' என்று பெயர். பலகாரங்கள் குச்சி செருகிப் பலகைமேல் அடுக்கியிருக்கும். பல கடைகளில், எத்தனை தின்றோம் என்று கடைசியில் நாமே சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும்!

மாமிசம் உண்ணாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கை வறுத்துக் காரமான குழம்பு ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு விடுகிறார்கள். 'பத்ரோன்' மிளகாயில் பல உறைக்காது. திடீரென்று ஒன்று உறைத்துக் கண்ணீர் வரவழைக்கும். முட்டை கொள்பவர்களுக்கு உருளைக்கிழங்கு அடையும் உண்டு. ஆனால் "மாமிசம் வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையைச் சிலர் மாமிசக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகையால் "ஸின் ஹாமோன்" என்று தனியே சொல்லிவிடுவது நலம். மதுவைத் தொடாதவர்கள் 'மோஸ்தோ' என்று கேட்டால் புளிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும்.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொள்ளை நோயின் காரணமாக அந்நாட்டில் இந்தக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. வீட்டில் கிழங்கு இருந்தது, எண்ணெய் இருந்தது, சமைக்கவும் தெரியும். ஆனால் தோளோடு தோள் உரசி நிற்கும் அண்டை வீட்டாரை அடுப்பில் வைத்துச் சமைக்க முடியுமா? கடைகள் மறுபடி திறந்தபோது ஜனங்கள் தேடி வந்தது வெறும் கிழங்கை அல்ல.

ஆகவே, ஸ்பெயினுக்குப் போகும் நேயர்கள் முதலில் ஒரே ஒரு தட்டுக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். அடுத்த தட்டைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.